ஃபெஸ் நகரம்: இலையுதிர் காலத் தொடக்கத்தில் போகிறவர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

மொரோக்கோவின் ஃபெஸ் நகரத்துக்குப் போகிறவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதன் சரித்திரம் அல்ல, அதன் சரிவு. பழைய நகரம் ஒரு கிண்ணத்துக்குள் இருக்கிறது. மேற்கே பாப் பூ ஜலூத் வாசல் நிற்கும் இடம் மேடு. வடக்கே பாப் கிஸ்ஸா வாசலும் மேடு. நடுவே ஆறு ஓடும் ர்சீஃப் பகுதி பள்ளம். ஆற்றைத் தாண்டினால் கிழக்கே மறுபடியும் ஏற்றம். கார் நுழைய முடியாத ஆயிரக்கணக்கான சந்துகள் இதற்குள் பின்னிக் கிடக்கின்றன. இரண்டு பக்கமும் உயரமான சுவர், மேலே சில இடங்களில் மூங்கில் தட்டி. செல்போன் வரைபடம் பாதி நேரம் தடுமாறும். அப்போதெல்லாம் உங்கள் கால்களை நம்புங்கள். இறங்கிக்கொண்டே போனால் ஆறு வரும், ஏறிக்கொண்டே போனால் ஏதாவது ஒரு வாசல் வரும்.

பெரும்பாலானவர்கள் ஃபெஸ்ஸுக்கு ஒரு பகல் ஒதுக்குகிறார்கள். வழிகாட்டி ஒருவர் பின்னால் ஓடி, தோல் தொட்டியைப் படம் பிடித்து, கம்பளக் கடையில் தேநீர் குடித்துவிட்டுச் சகாரா பாலைவனத்துக்கு வண்டி ஏறுகிறார்கள். அப்படிப் போவதற்கு இவ்வளவு தூரம் வர வேண்டாம். குறைந்தது மூன்று முழு நாட்கள் இந்த ஊருக்குக் கொடுங்கள். மொரோக்கோவில் ஒரே ஒரு பழைய நகரத்தைத்தான் பார்க்க முடியும் என்றால், மராக்கேஷை விட்டுவிட்டு இங்கே வாருங்கள் என்பேன்.

எப்போது, ஏன்

செப்டம்பர் இருபதாம் தேதியிலிருந்து அக்டோபர் நடுப்பகுதி வரை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஃபெஸ் கடலோர ஊர் அல்ல. ஜூலை, ஆகஸ்ட்டில் வெயில் 40 டிகிரியைத் தொடும். செப்டம்பரில் பகல் வெப்பம் 30 டிகிரியை ஒட்டியும், அக்டோபரில் 25ஐ ஒட்டியும் இருக்கும். இரவில் 15 டிகிரி அளவுக்கு இறங்கிவிடும்; ஒரு மெல்லிய ஸ்வெட்டர் அவசியம். அக்டோபரில் மழை தலைகாட்டத் தொடங்கும். ஈரமான கல் தளத்தில் சரிவு வழுக்கும் என்பதால், அடிப்பாகம் தேயாத, பிடிமானமுள்ள செருப்போ ஷூவோ போட்டு வாருங்கள்.

இந்த நாட்களில் சந்தையும் நிறைந்திருக்கும். தள்ளுவண்டியில் சப்பாத்திக்கள்ளிப் பழம் விற்பவர், நீங்கள் கை வைக்கத் தேவையில்லாமல் முள் தோலைக் கத்தியால் இரண்டு கீறலில் உரித்துச் சதையை மட்டும் நீட்டுவார். அத்தி, திராட்சை முடியும் தறுவாயில் மாதுளை வந்துவிடும். தெற்கே பாலைவனச் சோலைகளில் பேரீச்சை அறுவடை நடக்கும் பருவமும் இதுதான். புதுப் பழம் மெல்ல மெல்ல ஃபெஸ் சந்தைக்கு ஏறும்.

நேரத்தில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ரமலான் மாதம் தவிர ஆண்டு முழுவதும் மொரோக்கோ கிரீன்விச்சுக்கு ஒரு மணி நேரம் முன்னால், அதாவது இந்தியாவுக்கு நாலரை மணி நேரம் பின்னால். செப்டம்பர் கடைசியில் சூரியன் காலை ஏழு மணிக்கு மேல்தான் எழும். கடைகள் சுறுசுறுப்பாக ஒன்பதரை, பத்தாகும். அந்த இடைப்பட்ட நேரம் ஊர் உங்களுடையது. வெள்ளிக்கிழமை பெரும்பாலான கடைகள் மூடியிருக்கும், தொழுகைக்குப் பிறகு ஊரே வீட்டில் கோதுமை ரவையில் செய்யும் கூஸ்கூஸ் சாப்பிடும். வாங்குவதற்கு அது ஆகாத நாள், நடப்பதற்கு அருமையான நாள்.

விசா, பயணம், பணம்

இந்தியக் கடவுச்சீட்டு உள்ளவர்களுக்கு விசா வேண்டும். மொரோக்கோ அரசின் இணையவழி விசா 2022 முதல் நடைமுறையில் இருக்கிறது. கிளம்பும் முன் அதிகாரபூர்வத் தளத்தில் உங்களுக்கான விதியைப் பார்த்துவிடுங்கள், இடைத்தரகர் தளங்களில் பணம் கட்டாதீர்கள்.

சென்னையிலிருந்து துபாய், தோஹா போன்ற வளைகுடா நகரம் ஒன்றில் மாறி காசாபிளாங்காவில் இறங்குவதே வசதி. ஐரோப்பாவில் இருப்பவர்களுக்கு ஃபெஸ் சைஸ் விமான நிலையத்துக்கே நேரடி விமானங்கள் உண்டு. காசாபிளாங்கா விமான நிலையத்துக்குள்ளேயே ரயில் நிலையம் இருக்கிறது. அங்கிருந்து காசா வோயாஜர் நிலையம் போய், ஃபெஸ் ரயிலைப் பிடிக்கலாம். சுமார் நான்கு மணி நேரப் பயணம். முதல் வகுப்புக்குக் கூடுதல் செலவு அதிகமில்லை, இருக்கை எண்ணும் உறுதி. நெடும்பயணம் வந்த உடம்புக்கு அது வேண்டும்.

மொரோக்கோ நாணயமான திர்ஹமை இந்தியாவில் வாங்க அலையாதீர்கள். யூரோவோ டாலரோ கொண்டுபோய் விமான நிலையத்திலோ ஃபெஸ் வங்கியிலோ மாற்றிக்கொள்ளுங்கள். ஏடிஎம்மும் தாராளமாக உண்டு. பழைய நகரத்துக்குள் கார்டு தேய்க்கும் கடைகள் குறைவு. பத்து, இருபது திர்ஹம் சில்லறையை எப்போதும் ஒரு தனிப் பையில் வைத்திருங்கள்.

ரயில் நிலையத்துக்கு வெளியே நிற்கும் சின்னச் சிவப்பு டாக்சியில் மூன்று பேர் வரை போகலாம். மீட்டர் போடச் சொல்லி ஏறுங்கள். இரவு எட்டு மணிக்கு மேல் மீட்டர் கட்டணத்தோடு பாதி கூடுதலாகச் சேரும்; அது சட்டப்படியான கட்டணம்தான், சண்டை வேண்டாம்.

எங்கே தங்குவது

மதில்களுக்குள்ளேயே தங்குங்கள். புது நகரத்து ஓட்டல்கள் அகலமான சாலையும் லிஃப்ட்டும் தரும், ஆனால் காலை ஏழரை மணி ஃபெஸ்ஸைத் தராது. வெளியிலிருந்து பார்த்தால் ரியாத் என்பது ஜன்னலே இல்லாத மொட்டைச் சுவரும் ஒரு கதவும் மட்டும். கதவைத் தாண்டினால் முற்றம், நீரூற்று, மாடம். குடும்பங்கள் வாழ்ந்த பழைய வீடுகள் இவை.

முன்பதிவு செய்யும்போது ஒரே ஒரு கேள்வியைத் தவறாமல் கேளுங்கள்: டாக்சி நிற்கும் இடத்திலிருந்து எவ்வளவு தூரம், ஏற்றமா இறக்கமா? பத்தா, ஐன் அஸ்லித்தன், ர்சீஃப், பாப் கிஸ்ஸா ஆகிய இடங்கள் வரைதான் வண்டி வரும். அதற்கு மேல் பெட்டியைத் தள்ளுவண்டிக்காரர் எடுத்து வருவார். முதல் முறை போகிறவர்களுக்கு பத்தா அல்லது ஐன் அஸ்லித்தன் பக்கம் நல்லது. முதியவர்களை அழைத்துப் போகிறீர்கள் என்றால் பத்தாவையே தேர்ந்தெடுங்கள், அங்கே ஏற்றம் குறைவு. விடுதியிலிருந்து யாராவது டாக்சி நிற்கும் இடத்துக்கு வந்து அழைத்துப் போகச் சொல்லிவிடுங்கள். முதல் நாள் தனியாகத் தேட முயல வேண்டாம்.

முதல் நாள்: தாலா கபீரா வழியே இறங்குங்கள்

பாப் பூ ஜலூத்தில் தொடங்குங்கள். வெளிப்புறம் நீலம், உட்புறம் பச்சை ஓடு பதித்த இந்த வாசலைப் பார்த்ததும் ஆயிரம் ஆண்டுப் பழமை என்று நினைத்துவிடுவோம். உண்மையில் இப்போது நிற்பது பிரெஞ்சு ஆட்சிக் காலத்தில், 1913இல் கட்டியது. உள்ளே நுழைந்ததும் இரண்டு தெருக்கள் கீழே இறங்கும். தாலா கபீரா பெரிய சரிவு, தாலா ஸ்கீரா சின்னச் சரிவு. காலையில் பெரியதில் இறங்கி, மாலையில் சின்னதில் ஏறி வாருங்கள்.

சிறிது தூரம் போவதற்குள் பூ இனானியா மதரஸா வந்துவிடும். மரினிது வம்சத்துச் சுல்தான் அபூ இனான் 1350 தொடங்கி 1355 வரை கட்டியது. முற்றத்தின் நடுவில் நின்று கண்ணைக் கீழிருந்து மேலே கொண்டுபோங்கள்: இடுப்புயரம் வரை வண்ண ஓட்டுச் சில்லுகள், அதற்கு மேல் செதுக்கிய சுண்ணச் சாந்து, அதற்கு மேல் தேவதாரு மரம். ஃபெஸ்ஸின் எல்லாப் பழைய கட்டடங்களுக்கும் இதே அடுக்குதான். இங்கே ஒருமுறை நிதானமாகப் பார்த்துவிட்டால் பிறகு எங்கு போனாலும் கண் தானாகப் பிரித்துப் பார்க்கும். முற்றத்தைக் குறுக்காக வெட்டிக்கொண்டு ஒரு வாய்க்கால் போகிறது, அதையும் விட்டுவிடாதீர்கள். தொழுகை நேரத்தில் பார்வையாளர்களை விடமாட்டார்கள்.

தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் இங்கே கொஞ்சம் கூடுதலாக நிற்கலாம். 1340களில் மதுரை சுல்தானகத்தில் வந்து தங்கி, அங்கே பரவிய கொள்ளைநோயையும் சுல்தான் கியாசுத்தீன் தாம்கானியின் கொடுமைகளையும் நேரில் கண்ட மொரோக்கோப் பயணி இப்னு பதூதா, ஊர் திரும்பிய பிறகு தன் பயணம் முழுவதையும் சொல்லச் சொல்ல எழுதிவைக்க ஆணையிட்டவர் இதே அபூ இனான்தான். இப்னு ஜுஸைய் என்ற எழுத்தர் 1355இல் எழுதி முடித்தார். அதே ஆண்டுதான் இந்த மதரஸாவும் முடிந்தது. பதினான்காம் நூற்றாண்டு மதுரையைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் அரிய நேரடிச் சாட்சியம் ஒன்று ஃபெஸ்ஸில் பிறந்திருக்கிறது. வெளியே வந்து தெருவின் எதிர்ச் சுவரில் அண்ணாந்து பார்த்தால் வரிசையாக மர முளைகளும் சிறு ஜன்னல்களும் தெரியும். 1357இல் அதே சுல்தான் அமைத்த நீர்க் கடிகாரத்தின் மிச்சம் அது.

இனி இறக்கம்தான். பின்னாலிருந்து "பாலாக்!" என்று குரல் கேட்டால் திரும்பிப் பார்த்துக்கொண்டிருக்காமல் சுவரோடு ஒட்டிக்கொள்ளுங்கள், சுமை ஏற்றிய கோவேறு கழுதை வருகிறது. சிலிண்டர், சிமெண்ட் மூட்டை, பச்சைத் தோல், குளிர்பானப் பெட்டி எல்லாமே அதன் முதுகில்தான் போகும். காலை வேளையில் பலகையில் துணி மூடிய மாவு வட்டங்களைச் சுமந்துகொண்டு பிள்ளைகள் ஓடுவார்கள். வீட்டில் பிசைந்து தட்டிய ரொட்டியை ஃபர்ரான் என்கிற தெருப் பொது அடுப்பில் சுட்டு வாங்கிப் போகிறார்கள். அடுப்புக்காரர் எந்த ரொட்டி எந்த வீட்டுடையது என்று பார்த்தே சொல்வார். வாசலில் நின்று பார்க்க யாரும் தடுப்பதில்லை.

கீழே நஜ்ஜாரீன் சதுக்கத்தில் பழைய வணிகர் சத்திரம் ஒன்று மர வேலைப்பாட்டு அருங்காட்சியகமாக இருக்கிறது. மொட்டைமாடியில் தேநீர் கிடைக்கும். அருகே மருதாணிச் சந்தை. அதை ஒட்டி 1286இல் தொடங்கிய சீதி ஃப்ரெஜ் மருத்துவமனை இருந்தது. மனநோயாளிகளை வைத்துப் பராமரித்த இடம். இன்று அங்கே கடைகள்.

அடுத்து அத்தாரீன் மதரஸா. 1325இல் முடிந்தது. பூ இனானியாவைவிடச் சின்னது, என் கண்ணுக்கு அதைவிட அழகு. கூட்டம் வரும் முன் அங்கே போய்ச் சேர முடிந்தால் நல்லது. அதன் பக்கத்துச் சுவர்தான் கரவிய்யீன் பள்ளிவாசல். துனிசியாவின் கைரவானிலிருந்து குடிவந்த குடும்பத்துப் பெண்ணான ஃபாத்திமா அல்ஃபிஹ்ரி 859இல் எழுப்பியதாக மரபு சொல்லும் இந்தப் பள்ளிவாசல் கல்விக்கூடமாக வளர்ந்தது. இடையறாது இயங்கிவரும் உலகின் மிகப் பழைய பல்கலைக்கழகம் என்று யுனெஸ்கோ இதைக் குறிப்பிடுகிறது. முஸ்லிம் வாசகர்கள் உள்ளே போய்த் தொழலாம். மற்றவர்களுக்கு அனுமதி இல்லை. ஆனால் வாசல்கள் பல, கதவு திறந்திருக்கும்போது வெளியே நின்றே முற்றத்தையும் நீரூற்றையும் இரு முனைகளிலுள்ள மண்டபங்களையும் பார்க்கலாம். ஒரே வாசலில் நின்று திரும்பிவிடாமல் சுவரை ஒட்டிச் சுற்றி வாருங்கள், ஒவ்வொரு வாசலிலும் வேறொரு காட்சி.

சுற்றி வந்தால் சஃபாரீன் சதுக்கத்தில் சத்தம் வரவேற்கும். செம்பு, பித்தளை தட்டும் கன்னார்களின் இடம். திருமணத்துக்கு வாடகைக்குப் போகும் ஆளுயர அண்டாக்கள் கவிழ்ந்து கிடக்கும். மரத்தடித் தேநீர்க் கடையில் உட்கார்ந்து ஒருவரை மட்டும் கவனியுங்கள். தட்டை முழங்காலில் வைத்துத் திருப்பிக்கொண்டே அடிக்கிறார். சுத்தியல் ஒரே இடத்தில் விழுகிறது, தட்டுதான் நகர்கிறது. அரை மணி நேரத்தில் தட்டையான தகடு குழிந்து விளிம்பு எழும்பிவிடும். இதற்குக் கீழே சாயக்காரர் தெருவும் ஆறும். முதல் நாளுக்கு இது போதும்.

தோல் தொட்டிகள்

ஷூவாரா தோல் பதனிடும் இடத்தை இரண்டாம் நாள் காலை பத்து, பதினொரு மணிக்கு வைத்துக்கொள்ளுங்கள். பள்ளத்தில் வெயில் இறங்க அவ்வளவு நேரமாகும். தொட்டிகளைப் பார்க்கும் மாடங்கள் எல்லாம் தோல் கடைகளுக்குச் சொந்தம். படியேற ஒருவர் கூப்பிடுவார், கையில் ஒரு கொத்துப் புதினா தருவார். அதை மூக்கருகே வைத்துக்கொள்ளுங்கள். வாடை கடுமையானதுதான், ஆனால் ஆகஸ்ட்டில் வரும் வாடையில் பாதிகூட இருக்காது. மாடத்துக்கு இருபது திர்ஹம் கொடுத்துவிட்டு, வாங்க விருப்பமில்லை என்றால் முதலிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள்.

மேலிருந்து பார்க்கும்போது வெள்ளைத் தொட்டிகளை முதலில் பாருங்கள், எல்லோரும் நிறத் தொட்டிகளுக்குத் தாவிவிடுகிறார்கள். வெள்ளையில்தான் வேலையே இருக்கிறது. ஆடு, மாடு, ஒட்டகத் தோல்களை முதலில் சுண்ணாம்புக் கரைசலில் ஊறவைத்து முடியையும் கொழுப்பையும் களைகிறார்கள். பிறகு புறா எச்சம் கரைத்த நீர். அதிலுள்ள அம்மோனியா தோலை மிருதுவாக்குகிறது. அதன் பிறகே சாயம். மாதுளைத் தோல், அவுரி, மருதாணி என்று கடைக்காரர் பட்டியல் சொல்வார். அதெல்லாம் பழைய முறை, இன்று வேதிச் சாயமும் தாராளமாகப் புழங்குகிறது. தொடையளவு சாயத்தில் நின்று காலால் மிதிக்கும் தொழிலாளிகளைப் பார்க்கும்போது படம் எடுக்கும் கை தானாகத் தாழும். முகம் தெரிய எடுப்பதென்றால் கேட்டுவிட்டு எடுங்கள். நகரத்துக்கு வெளியே வடக்குக் குன்றுச் சரிவில் பதனிட்ட தோல்களை விரித்துக் காயப்போடுவார்கள். மழை இறங்குவதற்கு முந்தைய இந்த வாரங்களில் அதைப் பார்க்க வாய்ப்பு அதிகம்.

மறு கரை

ஆற்றைத் தாண்டி அந்தலூஸ் பகுதிக்குப் போகிறவர்கள் குறைவு, அதனாலேயே போங்கள். ஃபெஸ் உண்மையில் இரண்டு ஊர். மன்னர் முதலாம் இத்ரீஸ் 789இல் கிழக்குக் கரையில் தொடங்க, அவர் மகன் இரண்டாம் இத்ரீஸ் இருபது ஆண்டுகள் கழித்து மேற்குக் கரையில் இன்னொன்றை எழுப்பினார். 818இல் ஸ்பெயினின் கொர்தோபா நகரத்திலிருந்து துரத்தப்பட்டவர்கள் கிழக்கிலும், கைரவான்காரர்கள் மேற்கிலும் குடியேறினார்கள். தனித்தனி மதில்களோடு இருந்த இரண்டையும் பதினோராம் நூற்றாண்டில் அல்மொராவிது வம்சத்தார் ஒன்றாக்கினார்கள். அந்தலூஸ் பள்ளிவாசலை ஃபாத்திமாவின் சகோதரி மர்யம் கட்டியதாகச் சொல்வது மரபு. உள்ளே போக முடியாதவர்களுக்கு அதன் வடக்கு வாசலே போதுமான காட்சி. பக்கத்தில் சஹ்ரிஜ் மதரஸா, முற்றத்தில் செவ்வக நீர்த்தொட்டியோடு.

அங்கிருந்து டாக்சி பிடித்து ஐன் நொக்பிக்குப் போனால் மண்பாண்டமும் ஓட்டுச் சில்லு வேலையும் பார்க்கலாம். சப்பணமிட்டு உட்கார்ந்தவர் கனத்த, கூரிய சுத்தியலால் ஓட்டை நட்சத்திரமாகவும் இலையாகவும் கொத்தியெடுக்கிறார். இன்னொருவர் அந்தச் சில்லுகளை நிறம் தரையைப் பார்க்கக் கவிழ்த்து அடுக்குகிறார். கோலம் அவர் மனசில். முதுகுப்பக்கம் சாந்து பூசித் தூக்கி நிறுத்திய பிறகுதான் அது நம் கண்ணுக்குத் தெரியும். சூளைக்கு விறகு ஆலிவ் எண்ணெய் ஆட்டிய சக்கை. ஃபெஸ் நீலம் என்று பேர்பெற்ற கிண்ணங்களை வாங்குவதென்றால் இங்கேயே வாங்குங்கள், பொதிந்தும் தருவார்கள்.

சாப்பாடு

காலையில் பிஸாரா. காய்ந்த ஃபாவா பீன்ஸைக் குழைய வேகவைத்து, மேலே ஆலிவ் எண்ணெயும் சீரகப் பொடியும் மிளகாய்ப் பொடியும் தூவி ரொட்டியோடு தருவார்கள். சில திர்ஹம்தான். சைவர்களுக்குப் பெரிய வரம்.

சைவர்கள் இங்கே பட்டினி கிடக்கத் தேவையில்லை, ஆனால் கேட்டுச் சாப்பிட வேண்டும். சுட்ட கத்திரிக்காயும் தக்காளியும் மசித்த ஸாலூக், குடைமிளகாய் தக்தூகா, பயறு, வெள்ளை பீன்ஸ் எல்லாம் எங்கும் கிடைக்கும். காய்கறி கூஸ்கூஸும் மண்சட்டியில் வேகும் காய்கறித் தஜீனும் பல இடங்களில் இறைச்சிச் சாற்றில் வேகும். "ப்லா ல்ஹம்" என்றால் இறைச்சி வேண்டாம் என்று பொருள், சாற்றைப் பற்றித் தனியாகக் கேளுங்கள். ஹரீரா சூப்பிலும் பெரும்பாலும் இறைச்சி உண்டு.

அசைவர்கள் பஸ்தீலா சாப்பிடாமல் வரக்கூடாது. மெல்லிய மாவுத் தாள்களுக்குள் புறா அல்லது கோழி, முட்டை, வறுத்த பாதாம். மேலே சர்க்கரையும் பட்டைப் பொடியும். இனிப்பும் காரசாரமும் ஒரே வாயில் வருவது முதல் கடியில் விநோதமாக இருக்கும், மூன்றாம் கடியில் புரியும். முழுப் பஸ்தீலாவை விடுதியில் காலையிலேயே சொல்லிவைத்தால் இரவுக்குச் செய்து தருவார்கள், கடையைவிட அதுவே மேல்.

வழிகாட்டியும் பேரமும்

"அந்த வழி மூடியாச்சு, நான் கூட்டிப் போறேன்" என்று சொல்லும் இளைஞர்கள் வருவார்கள். வழி மூடியிருக்காது. "லா, ஷுக்ரன்" (வேண்டாம், நன்றி) என்று ஒரு முறை சொல்லி, நிற்காமல் நடங்கள். முதல் நாள் அரை நாளுக்கு அட்டை அணிந்த அங்கீகாரம் பெற்ற வழிகாட்டியை விடுதி மூலமாக அமர்த்துவது பணத்துக்கு மதிப்புள்ள காரியம். "கடைகள் வேண்டாம், கட்டடங்களும் பட்டறைகளும் மட்டும்" என்று முன்பே பேசிவிடுங்கள். வழி தவறிவிட்டால் கடைக்காரரிடமோ குழந்தையோடு போகும் பெண்ணிடமோ "ர்சீஃப்?" என்று கேளுங்கள். பேரம் பேசும்போது உங்கள் மனசில் ஒரு விலை இருக்கட்டும். அது கிடைத்ததும் வாங்கிவிடுங்கள். தலையசைத்த விலையிலிருந்து பின்வாங்குவது அங்கே அவமரியாதை.

மூன்றாம் நாளும் அதற்கு மேலும்

மூன்றாம் நாள் கிண்ணத்தை விட்டு வெளியே வாருங்கள். 1276இல் மரினிதுகள் கட்டிய ஃபெஸ் ஜ்தீத் பகுதி, அரண்மனையின் பித்தளைக் கதவுகள், அதை ஒட்டி யூதர்கள் வாழ்ந்த மல்லா. தெருப் பக்கம் நீட்டிய மர பால்கனிகள் முஸ்லிம் வீடுகளில் இருக்காது, இங்கே இருக்கும். பதினேழாம் நூற்றாண்டு இப்னு தனான் யூதத் தொழுகைக்கூடத்தைப் பார்த்துவிட்டு ஜ்னான் ஸ்பீல் தோட்டத்தில் மதியத்தைக் கழியுங்கள். மாலை ஆறரைக்கு மரினிது கல்லறைக் குன்றுக்கு டாக்சியில் போய், வெளிச்சம் இருக்கும்போதே திரும்பத் தொடங்குங்கள். இருட்டிய பிறகு அந்தப் பாதையில் தனியாக நடக்க வேண்டாம். மேலிருந்து பார்த்தால் பச்சை ஓட்டுக் கூரை கரவிய்யீன், அதைச் சுற்றி நீங்கள் நடந்த சரிவு முழுவதும் தெரியும்.

நான்காம் நாள் இருந்தால் மெக்னஸ் நகரமும் வொலூபிலிஸ் ரோமானிய இடிபாடுகளும். மெக்னஸ் ரயிலில் முக்கால் மணி நேரம். அங்கிருந்து வண்டி அமர்த்தலாம். வொலூபிலிஸில் நிழலே கிடையாது, தொப்பியும் தண்ணீரும் கட்டாயம். மலைக்காற்று வேண்டுமென்றால் தெற்கே இஃப்ரான், அஸ்ரூ பக்கம் தேவதாருக் காடும் பார்பரிக் குரங்குகளும் உண்டு. குரங்குகளுக்குத் தீனி போடாதீர்கள்.

திரும்பும் நாள் காசாபிளாங்காவில் விமானம் என்றால், ரயில் தாமதத்துக்கு இரண்டு மணி நேரமாவது சேர்த்து வையுங்கள். இரவு விமானமானாலும் காலை ரயிலையே பிடியுங்கள். மீதி திர்ஹமை விமான நிலையத்தில் பாதுகாப்புச் சோதனைக்கு முன்பே மாற்றிவிடுங்கள், பணம் மாற்றிய ரசீதைக் கையில் வைத்திருப்பது நல்லது. புதுத் தோல் பையைத் துணிகளோடு சேர்த்துப் பெட்டியில் அடைக்காமல் தனிப் பையில் கட்டுங்கள். அதன் வாடை போகச் சில வாரங்கள் ஆகும். ஊர் வந்ததும் வெயில் படாத, காற்றோட்டமான இடத்தில் தொங்கவிடுங்கள்.